ஆம்புலன்ஸில் கையால் பை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். வென்டிலேட்டர் வண்டி பிடித்திருக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. உங்கள் தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1.4 கிலோ. தாலுகா மருத்துவமனையில் பிறந்ததும் மூச்சுத் திணறியதால் மூச்சுக்குழலில் டியூப் போட்டு, 108 வண்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். வழி நெடுக ஒரு நர்ஸ் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இன்று ஐந்தாம் நாள், டியூபை எடுத்துவிட்டுக் குழந்தையை சிபாப்பில், அதாவது மூக்குவழியே ஓயாமல் அழுத்தத்தோடு காற்று தரும் கருவியில், வைத்திருக்கிறார்கள். இதற்கிடையே உறவினர் ஒருவர், "காசைப் பார்க்காமல் வென்டிலேட்டர் ஆம்புலன்ஸ் பிடித்திருந்தால் பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்காது" என்று சொல்லிவிட, வீட்டில் எல்லோரும் அதையே நினைத்து மருகிக்கொண்டிருக்கிறீர்கள். கையால் மூச்சுக் கொடுப்பது மட்டமான வைத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் எடுத்த முடிவால் குழந்தைக்குக் கெடுதல் வந்துவிட்டதா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் பச்சிளங்குழந்தை மருத்துவர். வெளியூரிலிருந்து இப்படி வந்து சேரும் குழந்தைகளை வாங்கிச் சிகிச்சை தருவதும், சில நேரம் வண்டியில் கூடவே போவதும் பல வருடமாக என் வேலை. உங்கள் குழந்தையின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் அந்தப் பயணத்தில் நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தே நாளில் டியூப் எடுக்க முடிந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். நுரையீரலின் கடைசி நுனியில் இருக்கும் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபேக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் வேண்டும். அது போதுமான அளவு சுரப்பது கருவின் கடைசி வாரங்களில்தான். அது இல்லாத நுரையீரல் ஒவ்வொரு முறை மூச்சு விட்டதும் சுருங்கி ஒட்டிவிடும். புது பலூனை ஊதும்போது முதல் ஊதல்தானே கஷ்டம்? இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அந்த முதல் ஊதல்தான். நிமிடத்துக்கு அறுபது எழுபது தடவை அப்படி இழுத்து இழுத்துக் களைத்துப்போய், ஒரு கட்டத்தில் மூச்சை நிறுத்திவிடும்.

இந்தக் காரணத்தை 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆனால் காரணம் தெரிந்தும் கையில் கருவி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2.1 கிலோ, அதாவது உங்கள் குழந்தையைவிட 700 கிராம் கூடுதல். கேப் காட் பகுதியிலிருந்த ராணுவ மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாட்டின் தலைவருடைய பிள்ளை, கேட்டது எதுவும் கிடைக்கும். ஆனாலும் சுமார் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். பச்சிளங்குழந்தைக்கு ஏற்ற வென்டிலேட்டர் அப்போது நடைமுறையில் இல்லை. சிபாப்பை ஜார்ஜ் கிரிகரி 1971-இல்தான் உலகுக்குக் காட்டினார். செயற்கையாக சர்ஃபேக்டன்ட் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று ஜப்பானில் ஃபுஜிவாரா நிரூபித்தது 1980-இல். அந்த ஜனாதிபதி வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்காத சிகிச்சையில் பெரும்பகுதி உங்கள் குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது.

சரி, கைப்பைக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான ஆம்பு பையில் சுமார் 240 மில்லி காற்று இருக்கும். 1.4 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவைப்படுவதோ கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி என்று கணக்கிட்டால் 6 முதல் 8 மில்லிதான். ஆக, பையை முழுதாக அமுக்கக் கூடாது. இரண்டு மூன்று விரலால் லேசாக அழுத்த வேண்டும், நெஞ்சு மெல்ல உயர்வது தெரிய வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. இதைக் குலுங்கும் வண்டியில், சைரன் சத்தத்தில், இரண்டரை மணி நேரம் ஒரே அளவில் செய்வது மனிதக் கைக்குக் கடினம். பயிற்சி பெற்றவர்கள் பொம்மையில் செய்துகாட்டியபோதே அழுத்தம் மூச்சுக்கு மூச்சு மாறியிருக்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அழுத்தம் கூடிப்போனால் நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசியலாம். வேகம் கூடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்; குறைமாதக் குழந்தைக்கு அது நல்லதல்ல. பையின் இன்னொரு குறை, அதற்கென்று தனியாக வால்வு மாட்டாவிட்டால் மூச்சு விட்ட பிறகு நுரையீரலுக்குள் அழுத்தம் எதுவும் மிஞ்சாது. மேலே சொன்ன ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கு மருந்தே அந்த மிச்ச அழுத்தம்தான். பீப் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். தண்ணீர் மட்டத்தில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு அது இருந்தாலே நிலைமை வெகுவாக மாறும்.

அப்படியானால் உறவினர் சொன்னது சரிதானே என்று தோன்றும். சரியாக அமைத்த, பச்சிளங்குழந்தைக்கான வென்டிலேட்டர், அதை இயக்கத் தெரிந்தவர், இரண்டும் சேர்ந்து இருந்தால் கைப்பையைவிட மேல். இதை மறைக்க மாட்டேன். ஆனால் தெருவில் "வென்டிலேட்டர் வசதி உண்டு" என்று எழுதிக்கொண்டு நிற்கும் தனியார் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பெரியவர்களுக்கான கருவி. அவற்றில் பல ஒரு மூச்சுக்கு 50 மில்லிக்குக் கீழே இறங்காது. 7 மில்லி வேண்டிய குழந்தைக்கு 50 மில்லி தள்ளும் கருவியை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியவர்களுக்கான குழாயும் வடிப்பானும் மாட்டினால் அவற்றுக்குள் தேங்கும் காற்றே குழந்தையின் ஒரு மூச்சைப்போலப் பல மடங்கு. குழந்தை தான் விட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரி வண்டிக்குப் பணம் கட்டி ஏற்றியிருந்தால், நல்ல நர்ஸ் கையில் இருந்த சின்னப் பையைவிட மோசமாகவே போயிருக்கும்.

சரியான கருவியாக இருந்தாலும் சாலையில் அதற்கென்று தொல்லைகள் உண்டு. குழந்தை மூச்சிழுக்கத் தொடங்குவதை உணர்ந்து அதோடு சேர்ந்து தள்ளுவதுதான் இன்றைய வென்டிலேட்டர்களின் சிறப்பு. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது வரும் அதிர்வையும், குழாயில் தேங்கிய நீர் ஆடுவதையும் அது மூச்சென்று எடுத்துக்கொண்டு கூடுதலாகத் தள்ளிவிடும். வார்டில் ஓடும் அதே அமைப்பை வண்டியிலும் வைத்துவிட்டுச் சும்மா உட்கார முடியாது. வார்டில் அருமையாக வேலை செய்யும் பபிள் சிபாப்பும் அப்படித்தான். நீரில் 5 சென்டிமீட்டர் மூழ்கிய குழாய்தான் அங்கே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வண்டி சாய்ந்தாலோ தண்ணீர் சிந்தினாலோ கணக்கு கெடும்.

கைப்பைக்கும் வென்டிலேட்டருக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கிறது. தாலுகா மருத்துவமனைகள்வரை அது பரவ வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் பேசுகிறேன். டி-பீஸ் என்பார்கள். மூச்சைத் தள்ளும்போது வேண்டிய மேல் அழுத்தம், மூச்சு விட்ட பிறகு மிஞ்ச வேண்டிய கீழ் அழுத்தம் இரண்டையும் முன்பே திருகி வைத்துவிட்டு, விரலால் ஒரு துளையை மூடித் திறந்தால் போதும். எத்தனை தடவை செய்தாலும் அழுத்தம் மாறாது, பீப்பும் இருக்கும். விலை வென்டிலேட்டரைவிட மிகக் குறைவு. அதற்கு ஓயாமல் வாயு ஓட்டம் வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் டி-பீஸும் நின்றுவிடும். ஆம்பு பை அப்படியல்ல. எதுவுமே இல்லாவிட்டாலும் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு அது வேலை செய்யும். எவ்வளவு விலையுயர்ந்த வண்டியானாலும் குழந்தையின் தலைமாட்டில் ஒரு ஆம்பு பை இருந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

சிலிண்டர் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழியில் நடக்கும் பல விபரீதங்கள் இதில்தான் தொடங்குகின்றன. நம் ஊரில் பி டைப் என்று சொல்லும் சிறிய சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1500 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம் வரும். உங்கள் பயணம் இரண்டரை மணி நேரம். அதாவது அதே 150 நிமிடம். ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தால் முடிந்தது கதை. எனவே தேவைப்படும் அளவைக் கணக்கிட்டு அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றிக்கொள்ள வேண்டும், கிளம்பும் முன் கேஜைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் இருக்கும். வண்டியில் அது இருந்தால் கவலை குறைவு.

ஆக்ஸிஜன் போதாமல் போவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறினாலும் ஆபத்து என்பது அவ்வளவாகத் தெரியாது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. மிகையான ஆக்ஸிஜன் அந்த வளர்ச்சியைக் குலைத்துப் பார்வையைப் பறித்துவிடும். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்த பிறகுதான் காரணம் புலப்பட்டது. அதனால் விரலிலோ பாதத்திலோ மாட்டும் கருவியில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு, 90 முதல் 95 சதவீதத்துக்குள் இருக்கும்படி ஆக்ஸிஜனைக் கூட்டிக் குறைப்போம். 85 முதல் 89 என்று தாழ்த்தி வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் கண் பாதிப்பு குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. அதனால்தான் இந்த எல்லை. வண்டிகளில் உள்ள சிக்கல், காற்றையும் ஆக்ஸிஜனையும் கலந்து தரும் பிளெண்டர் பலவற்றில் இருப்பதில்லை. கலக்கும் காற்றுக்குத் தனி சிலிண்டரோ கம்ப்ரஸரோ வேண்டும். அது இல்லாத வண்டியில் குழந்தை வழி முழுக்க ஏறக்குறைய நூறு சதவீத ஆக்ஸிஜன் வாங்கிக்கொண்டு வரும். வெளிக்காற்றைத் தானே இழுக்கும் டர்பைன் வகைக் கருவிகள் இதற்கு நல்ல தீர்வு.

இவ்வளவு கருவிப் பேச்சுக்குப் பிறகும், என்னிடம் வந்து சேர்ந்த குழந்தைகளைப் பார்த்து நான் உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. குழந்தை எந்த நிலையில் வந்து சேரும் என்பது பெரும்பாலும் வண்டி நகர்வதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. டியூப் சரியான ஆழத்தில் இருக்கிறதா? எடையோடு ஆறைக் கூட்டினால் உதட்டருகே இருக்க வேண்டிய அளவு வரும், உங்கள் குழந்தைக்குச் சுமார் 7.5 சென்டிமீட்டர். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலே நான்கைந்து சென்டிமீட்டர்தான். தலை குனிந்தால் டியூப் உள்ளே போகும், நிமிர்ந்தால் வெளியே வரும். பிளாஸ்டர் ஈரமாகி நழுவினால் அரை சென்டிமீட்டர் போதும், ஒரு பக்க நுரையீரல் அடைபட்டுவிடும். வயிற்றில் சேர்ந்த காற்றை வெளியேற்ற வாய்வழியே குழாய் போட்டாயிற்றா? ரத்தச் சர்க்கரை பார்த்தாயிற்றா? எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சூடாக இருக்கிறதா? 36.5 முதல் 37.5 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்துபோன குழந்தைக்கு ஆக்ஸிஜன் தேவை ஏறும், சர்க்கரை இறங்கும், நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகும். அதன்பின் உலகத்திலேயே சிறந்த வென்டிலேட்டரை மாட்டினாலும் சாச்சுரேஷன் ஏறாது. இன்குபேட்டர் இல்லாவிட்டால் பாலித்தீன் உறை, தொப்பி, வண்டியின் ஏசியை நிறுத்துவது, இவையே பெரிய வித்தியாசம் தரும். வழியில் திடீரென்று நீலம் பாய்ந்தால் பார்க்க வேண்டியவை நான்கு: டியூப் நழுவியதா, சளி அடைத்ததா, நெஞ்சுக்குள் காற்று கசிந்ததா, கருவியிலோ சிலிண்டரிலோ கோளாறா. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் மீண்டும் டியூப் போட முயல்வது ஆபத்தானது.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருந்து குடல் நெஞ்சுக்குள் ஏறிய குழந்தைக்கு மாஸ்க் வைத்துப் பை அமுக்கினால் குடல் உப்பி நுரையீரலை நசுக்கும். அதற்கு நேராக டியூப்தான். சில பிறவி இதய நோய்களில் எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் நீலம் மாறாது. அதற்கு வேண்டியது புரோஸ்டாகிளாண்டின் மருந்து. அந்த மருந்தே மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால் மூச்சுக் கருவி கையோடு இருக்க வேண்டும். மலையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே சுவாசிக்கும் காற்று, சமவெளியில் 16 சதவீத ஆக்ஸிஜன் சுவாசிப்பதற்குச் சமம். கோயம்புத்தூர் இறங்க இறங்க அதே குழந்தைக்கு ஆக்ஸிஜன் தேவை குறையும், குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஏறும்போதும் விமானத்தில் போகும்போதும் இதற்கு நேர்மாறு. நெஞ்சில் காற்றுக் கசிவு இருந்தால் அது விரிந்துவிடும் என்பதால் முன்பே வெளியேற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் இடங்களும் இருக்கின்றன. சிபாப்பில் தட்டுத்தடுமாறிச் சமாளிக்கும் குழந்தையை அப்படியே அனுப்பலாமா, வழியில் நின்றுவிடுமோ என்று முன்கூட்டியே டியூப் போட்டு அனுப்பலாமா? பயண தூரம், குழந்தையின் எடை, கூடப் போகிறவரின் கைத்திறன் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்போம். இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு, மூச்சு நின்று நின்று வரும் 1.4 கிலோ குழந்தைக்கு டியூப் போட்டு அனுப்பியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நானும் அதையே செய்திருப்பேன். அதேபோல, வண்டியில் வென்டிலேட்டர் வைத்தால் கைப்பையைவிட இறப்பு குறைகிறதா என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்டுத் தீர்த்துச் சொல்லும் பெரிய ஆய்வுகள் இல்லை. அழுத்தம் சீராக இருக்கும் என்பது உறுதி. உயிர் பிழைப்பது அதனால் எவ்வளவு கூடும் என்பது அவ்வளவு உறுதியல்ல. கூடப் போகும் ஆளின் பயிற்சியையும் கிளம்பும் முன் செய்த வேலையையும் அந்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுப்பது கஷ்டம்.

சர்ச்சையே இல்லாத விஷயம், தாயின் வயிற்றில் வைத்துக் கொண்டுபோவதைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது என்பது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், பிறந்த பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்களுக்குக் கடுமையான மூளைப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. உங்கள் குழந்தை 31 வாரம்; அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் திசை அதுதான். தங்கைக்கு அடுத்த கர்ப்பம் வந்தால், ஒரு குறைப்பிரசவம் நடந்திருப்பதால் இன்னொன்று நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆரம்பத்திலேயே மருத்துவக் கல்லூரியில் பதிந்துகொள்ளுங்கள். முன்கூட்டியே வலி கண்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி போட்டு, வயிற்றில் இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள். லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் நியூசிலாந்தில் நிறுவிய அந்த மலிவான ஊசி, எந்த வென்டிலேட்டரையும்விட அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் நம்பிக்கை. இந்த முறை அது போடப்பட்டதா என்று கேஸ் ஷீட்டில் பாருங்கள், தெரிந்துகொள்வதற்காக மட்டும். வலி வந்து சற்று நேரத்தில் பிறந்துவிட்டால் யாராலும் போட்டிருக்க முடியாது.

அடுத்து, உங்கள் முடிவு பற்றி. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டரும் வென்டிலேட்டரும் பொருத்திய வண்டிகள் உண்டு. எல்லா ஊரிலும் எந்நேரமும் கைக்கெட்டும் அளவுக்கு அவை இல்லை. அந்த வண்டி தொலைவில் இருந்தால், காத்திருப்பதா கிடைத்த வண்டியில் கிளம்புவதா என்பதை அங்கிருந்த மருத்துவர்தான் தீர்மானித்திருப்பார். நீங்கள் தீர்மானித்ததல்ல அது, உங்களால் முடிந்திருக்கக் கூடியதும் அல்ல. குழந்தை உயிரோடு வந்து, ஐந்தாம் நாள் தானாக மூச்சிழுக்கிறது என்றால் அந்த நர்ஸ் அந்த வேலையை நன்றாகவே செய்திருக்கிறார். முடிந்தால் அவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்குக் குழந்தை பிழைத்ததா என்ற செய்திகூடப் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. வந்து சேர்ந்தபோது எடுத்த உடல் வெப்பம், சர்க்கரை, சாச்சுரேஷன், ரத்த வாயு அளவுகளை டாக்டரிடம் கேளுங்கள். பயணம் எப்படி இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. தலை ஸ்கேன் எடுத்தார்களா, எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் காது கேட்கும் சோதனை செய்ய வேண்டும். கண் பரிசோதனையை மறக்கவே கூடாது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரை மருத்துவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். இடையில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாலும், குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும், வீட்டில் தீட்டு, தூரம் என்று யார் தடுத்தாலும் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்றாலும், இனி வர வேண்டாம் என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை போய்க்கொண்டிருக்க வேண்டும்.